அரை ஆட்டத்தின் எடை

2018 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், டைகர் ஸ்டேடியத்திலிருந்து ஒன்றரை மைல் தள்ளியிருந்த எங்கள் தெருவில், பக்கத்து வீட்டுப் பெரியவரின் கூடத்தில் அமர்ந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் கல்லூரி ஆட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 1,02,321 பேர் அமரும் அரங்கம் அது. காற்று வாகாக அடித்தால் அதன் இரைச்சல் எங்கள் வாசல் வரை கேட்கும். ஒளிபரப்பு சில விநாடிகள் பிந்தி வருவதால், திரையில் ஆட்டக்காரர்கள் இன்னும் வரிசைகட்டி நிற்கும்போதே சன்னல் வழியாக ஆரவாரம் வந்து, நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்பதைச் சொல்லிவிடும். அன்று ஆட்டம் முடியும் தறுவாயில் வந்தது ஒரு நீண்ட ஊளை. ஒளிப்பதிவை மறுபடி பார்த்து எடுக்கும் ரீப்ளே முடிவை அறிவிக்க வேண்டிய நடுவர் திரையில் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பெரியவர் கையிலிருந்த பென்சிலை மேசைமீது வைத்துவிட்டு, “வெளியே அனுப்பிவிட்டார்கள்” என்றார்.

வெளியேற்றப்பட்டவர் டெவின் வைட், லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின், அதாவது எல்.எஸ்.யூ.வின், லைன்பேக்கர். தடுப்பு வரிசையின் நடுவில் நின்று எதிரணியின் ஓட்டத்தையும் வீச்சையும் ஒருசேரக் கவனித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. நாட்டின் சிறந்த லைன்பேக்கருக்கான பட்கஸ் விருது அந்த ஆண்டு அவருக்குத்தான் கிடைத்தது. மிசிசிப்பி ஸ்டேட் அணியின் தாக்குதலை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் நிக் ஃபிட்ஸ்ஜெரால்டை நோக்கிப் பாய்ந்து வந்த வைட், பந்து கையைவிட்டுப் போன கணத்தில் அவரை இரு கைகளாலும் தள்ளினார். தள்ளுகையில் தலை தாழ்ந்து, தலைக்கவசமும் பட்டது. ‘டார்கெட்டிங்’, அதாவது தலையாலோ தலையிலோ ஆபத்தாகத் தாக்கும் குற்றம், என்று தீர்ப்பாயிற்று. எல்.எஸ்.யூ. 19-3 என்ற கணக்கில் வென்ற அந்த ஆட்டத்தில் இந்த வெளியேற்றத்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை. ஆனால் குற்றம் இரண்டாம் பாதியில் நிகழ்ந்தால் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆடக் கூடாது என்பது அன்றைய விதி. ஒரு வார ஓய்வுக்குப் பிறகு, நவம்பர் 3 அன்று எல்.எஸ்.யூ. எதிர்கொள்ள இருந்த அணி, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமா.

கணவரின் ஆராய்ச்சிப் படிப்புக்காக 2016இல் அங்கே போய்ச் சேர்ந்தபோது இந்த ஆட்டத்தின் அரிச்சுவடிகூட எனக்குத் தெரியாது. நான் திருச்சியில் புள்ளியியல் படித்தவள். என்னை இதற்குள் இழுத்தது பெரியவர் வைத்திருந்த மஞ்சள் நிறக் கோடுபோட்ட தாள்கட்டுதான். பெட்ரோலிய ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஆகஸ்டுக் கடைசியில் எல்.எஸ்.யூ.வின் பன்னிரண்டு எதிரணிகளையும் அந்தத் தாளில் வரிசையாக எழுதிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் அவற்றின் வெற்றி தோல்விக் கணக்கை அழித்து அழித்துத் திருத்துவார். எல்.எஸ்.யூ.வின் கணக்குக்குப் பேனா, எதிரணிகளுக்குப் பென்சில். எப்போதோ ஆடி முடித்துவிட்ட அணியின் கணக்கை இன்னும் ஏன் திருத்துகிறீர்கள் என்று முதல் ஆண்டு கேட்டேன். செப்டம்பரில் யாரை வென்றோம் என்பது நவம்பரில்தானே தெரியும் என்றார். புள்ளியியல் படித்த ஒருத்தியைக் கட்டிப்போட அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

கல்லூரிக் கால்பந்தின் மேல்தட்டுப் பிரிவில் 2018இல் 130 அணிகள் இருந்தன. முறையான பருவத்தில் ஒவ்வொன்றுக்கும் 12 ஆட்டங்கள். எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் போட்டியென்றால் புள்ளிப் பட்டியலைப் பார்த்தாலே போதும். இங்கே ஓர் அணி மற்ற அணிகளில் பத்தில் ஒரு பங்கைக்கூடச் சந்திப்பதில்லை. ஆகவே பத்து வெற்றி பெற்ற அணியும் பத்து வெற்றி பெற்ற இன்னோர் அணியும் சமமா என்ற கேள்விக்கு, அவை யாரை வென்றன என்ற கேள்வியின் வழியாகத்தான் போக வேண்டும். அந்தக் கேள்வியோ, வெல்லப்பட்டவர்கள் யாரை வென்றார்கள் என்று பின்னோக்கி நீண்டுகொண்டே போகும்.

தேசியப் பட்டத்துக்கு மோதும் அணிகளைத் தேர்ந்தெடுக்க 2013 வரை இருந்த பி.சி.எஸ். முறை தொடக்க ஆண்டுகளில் இதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தது. எதிரணிகளின் வெற்றி விகிதத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு எடை, எதிரணிகளின் எதிரணிகளுடைய விகிதத்துக்கு மூன்றில் ஒரு பங்கு. சூத்திரம் அத்துடன் நின்றுவிடுகிறது. உண்மையில் அதற்கு அப்பாலும் ஒரு வட்டம் இருக்கிறது. அதனால் பின்னால் வந்த கணினி முறைகள் எல்லா அணிகளின் பலத்தையும் ஒருசேர, ஒரு பெரிய சமன்பாட்டுத் தொகுதியாகத் தீர்க்கப் பார்த்தன. அங்கும் ஒரு சங்கடம் உண்டு. அணிகள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து, பெரும்பாலும் தமக்குள்ளேயே ஆடுகின்றன. எல்.எஸ்.யூ.வும் அலபாமாவும் இருந்த எஸ்.ஈ.சி.யில் அப்போது 14 அணிகள். ஒவ்வொன்றும் குழுவுக்குள் 8 ஆட்டங்கள் ஆடின. மொத்தம் 56 ஆட்டங்கள், 56 வெற்றிகள், 56 தோல்விகள். அந்தப் பதினான்கும் உலகத்திலேயே சிறந்த அணிகளாக இருந்தாலும் இதே 56தான்; பதினான்கும் சொத்தையாக இருந்தாலும் இதே 56தான். ஒரு குழு இன்னொரு குழுவைவிடப் பலமானதா என்பதைச் சொல்லக்கூடியவை குழுவுக்கு வெளியே ஆடும் நான்கு நான்கு ஆட்டங்கள் மட்டுமே. அவற்றிலும் பாதிக்கு மேல், பணம் கொடுத்துச் சின்ன அணியை வரவழைத்து அடித்து அனுப்பும் ஆட்டங்கள். இவ்வளவு மெல்லிய நூலில்தான் அமெரிக்காவின் அவ்வளவு பெரிய வாக்குவாதமும் தொங்குகிறது.

நூல் அறுந்துபோவதும் உண்டு. அட்டவணைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒப்பந்தம் போட்டு முடிவாகிவிடுகின்றன. லூயிவில் அணியில் லாமர் ஜாக்சன் என்ற நட்சத்திர குவார்ட்டர்பேக் ஆடிய நாட்களில் அதனுடன் மோதுவது துணிச்சலான காரியம். அலபாமா அந்த அணியை 2018இன் தொடக்க ஆட்டத்தில் 51-14 என்று சாய்த்தபோது ஜாக்சன் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டிருந்தார். லூயிவில் அந்தப் பருவத்தை 2 வெற்றி, 10 தோல்வி என்று முடித்தது. அலபாமா பலமான அணியை வென்றதா, பலவீனமான அணியை வென்றதா? ஒப்பந்தம் எழுதிய நாளில் ஒரு பதில், ஆடிய நாளில் ஒரு பதில், டிசம்பரில் வேறொரு பதில். எல்.எஸ்.யூ.வுக்கும் இதே கதைதான். செப்டம்பர் முதல் வாரத்தில் அது மயாமியை 33-17 என்று வென்றது, மயாமி அப்போது தேசியத் தரவரிசையில் எட்டாம் இடத்தில் இருந்தது. பிறகு ஏழாம் இடத்தில் இருந்த ஆபர்னை, அதன் சொந்த மைதானத்திலேயே, 22-21 என்று வென்றது. பெரியவரின் தாளில் அந்த இரண்டு வரிகளும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே வந்தன. மயாமி 7 வெற்றி, 6 தோல்வி என்றும் ஆபர்ன் 8-5 என்றும் பருவத்தை முடித்தன. மாறாக, எல்.எஸ்.யூ.வை 27-19 என்று தோற்கடித்த ஃபுளோரிடா 10-3 வரை போனதால், அந்தத் தோல்வி போகப்போகக் கௌரவமான தோல்வியாயிற்று. தாளின் அந்தப் பகுதி அழித்து எழுதி அழித்து எழுதி, விரல் பட்டால் கிழிந்துவிடும்போல் மெலிந்திருந்தது.

பி.சி.எஸ். போய் 2014இல் தேசியப் பட்டத்துக்கான இறுதிச் சுற்றாக ப்ளேஆஃப் வந்த பிறகு, சூத்திரத்தின் இடத்தில் 13 பேர் கொண்ட தேர்வுக் குழு உட்கார்ந்தது. அந்த ஆண்டுகளில் நான்கு அணிகளுக்கே இடம். டெக்சஸின் கிரேப்வைன் நகரில் ஒரு விடுதியில் கூடி, செவ்வாய்க்கிழமை மாலை தொலைக்காட்சியில் பட்டியல் வெளியிடுவார்கள். 2018இன் முதல் பட்டியல் அக்டோபர் 30 அன்று வந்தது. அலபாமா, கிளெம்சன், மூன்றாவதாக எல்.எஸ்.யூ. ஒரு தோல்வி கண்டிருந்த எல்.எஸ்.யூ., எட்டு ஆட்டங்களிலும் தோற்காத நாட்டர் டேமுக்கு மேலே வைக்கப்பட்டிருந்தது. அதே பட்டியலில், முந்தைய ஆண்டிலிருந்தே ஓர் ஆட்டத்திலும் தோற்காத யூ.சி.எஃப்., அதாவது சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக, அணிக்குப் பன்னிரண்டாம் இடம். சின்னக் குழுவில் ஆடும் அணி அது. பெரிய குழுவைச் சேர்ந்த நார்த் கரோலினாவுடன் அதற்கு இருந்த ஆட்டமும் ஃபுளோரன்ஸ் புயலால் ரத்தாகிவிட்டது. பெய்த மழைக்கும் சேர்த்து அந்த அணி மதிப்பெண் இழந்தது என்று சொன்னால் மிகையாகாது. எதிரணிகளின் பலம் எவ்வளவு பெரிய நாணயம் என்பதை அந்தப் பட்டியல் காட்டியது. எங்கள் தெருவில் அன்றிரவு யாரோ வாண வேடிக்கையே நடத்தினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் மனத்துக்குள் ஓர் இடறல். நாட்டின் மூன்றாம் இடத்துக்குத் தகுதி பெற்றதாகச் சொல்லப்பட்ட அந்த அணி, அடுத்த சனிக்கிழமை களமிறங்கப்போகும் அணிதானா?

விதியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். டார்கெட்டிங் இரண்டு வகைப்படும். தலைக்கவசத்தின் உச்சியால் எந்த எதிராளியையும் வலுவாக முட்டுவது ஒன்று. பந்தை வீசிக்கொண்டிருப்பவர், அந்தரத்தில் எம்பிப் பந்தைப் பிடிப்பவர் போன்ற, தம்மைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் ஆட்டக்காரரின் தலையிலோ கழுத்திலோ, தலைக்கவசம், தோள், முழங்கை என எதனாலும் வலுவாகத் தாக்குவது மற்றொன்று. 2008இல் இது தனிக் குற்றமாக எழுதப்பட்டது; அடிபட்ட அணிக்குச் சாதகமாகப் பந்தை 15 கெஜம் நகர்த்துவது தண்டனை. 2013இல் அதனுடன் கட்டாய வெளியேற்றத்தைச் சேர்த்தார்கள். முதல் பாதியில் நடந்தால் அந்த ஆட்டம் முழுவதும் போயிற்று. இரண்டாம் பாதியில் நடந்தால் மீதமுள்ள நேரமும், அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியும். அறிமுகமான முதல் ஆண்டில் ஒரு வேடிக்கை இருந்தது. ரீப்ளேயில் குற்றமே இல்லை என்று தெரிந்தால் ஆட்டக்காரர் திரும்பி வரலாம், ஆனால் 15 கெஜத் தண்டனை மட்டும் அப்படியே நிற்கும். கொலை நடக்கவில்லை, ஆனாலும் அபராதம் கட்டிவிட்டுப் போ என்கிற மாதிரி. 2014இல் அதைத் திருத்தினார்கள்.

இந்தத் தண்டனை ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு அதன் நியாயத்தைப் பேசுவது சுலபம். பெரியவர் என்னை மறக்க விடவில்லை. 1960களில் பள்ளி அணியில் ஆடியவர் அவர். எதிராளியின் குறுக்கே தலையைக் கொடுத்து நிறுத்து என்றுதான் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். மூன்று முறை கண் இருண்டு விழுந்ததும், மூன்று முறையும் மூக்கருகே அமோனியாவை நீட்டி எழுப்பி மறுபடி களத்துக்கு அனுப்பியதும் அவருக்கு நினைவிருந்தது; மூன்றாவது ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்பது மட்டும் நினைவில்லை. வைட்டின் வெளியேற்றத்தைக் கேட்டு ஊரே கொதித்தபோது அவர் கொதிக்கவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டும் யாரோ பெற்ற பிள்ளைதானே என்றார்.

ஆகவே என் வழக்கு விதியின் நோக்கத்தோடு இல்லை. முதலில் எனக்கு உறுத்தியது ஐயத்தைக் கையாண்ட முறை. ஐயம் இருந்தால் அது குற்றமே என்று விதிநூல் களநடுவருக்குச் சொல்கிறது. ஒரு விநாடியின் பின்னத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு அது சரியான அறிவுரைதான். ஆனால் 2018இல் ரீப்ளே அறையிலிருந்து மூன்று விதமான தீர்ப்பு வரலாம். உறுதி, ரத்து, இவ்விரண்டுக்கும் நடுவே, போதிய சான்று இல்லாததால் களத்தீர்ப்பு நிற்கிறது என்பது. மூன்றாவது வந்தாலும் ஆட்டக்காரர் வெளியேதான். களத்திலும் ஐயம் அவருக்கு எதிர், அறையிலும் ஐயம் அவருக்கு எதிர். 2019இல் அந்த நடுத்தீர்ப்பை நீக்கி, ஒன்று உறுதி செய், இல்லையேல் ரத்து செய் என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டே, ஒரு பருவத்தில் மூன்று முறை இக்குற்றம் செய்பவருக்கு அடுத்த ஆட்டம் முழுவதும் தடை என்ற பிரிவும் வந்தது.

இன்னொன்று, பெயர். டார்கெட்டிங் என்றால் குறிவைத்தல். ஆனால் விதியின்படி நோக்கத்தை நிறுவ வேண்டியதில்லை. ஓடி வருபவர் மோதலுக்கு முன் கால் நொடியில் குனிந்துவிட்டால், அவருடைய மார்பை நோக்கிக் கிளம்பிய தோள் தலையில் போய் முடியும். அதை மெதுவோட்டத்தில் பத்து முறை காட்டும்போது, கிளம்பிய கணத்திலேயே தலையை உத்தேசித்ததாகத் தோன்றும். மெதுவோட்டம் எல்லோருக்கும் யோசிக்க நேரம் இருந்ததுபோன்ற மயக்கத்தைத் தருகிறது. கூடைப்பந்தில் கடும் பிழையை இரண்டு தரமாகப் பிரித்து, மேல்தரத்துக்கு மட்டுமே வெளியேற்றம் என்று வைத்திருக்கிறார்கள். இங்கே உரசலுக்கும் இடிக்கும் ஒரே தண்டனை.

ஆனால் இவையெல்லாம் பலரும் பேசிய குறைகள். எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. இந்தத் தண்டனையின் அளவை விதி தீர்மானிக்கவில்லை, அட்டவணை தீர்மானித்தது. எல்.எஸ்.யூ.வின் அந்த ஆண்டு அட்டவணையைப் பாருங்கள். செப்டம்பரில் சவுத்ஈஸ்டர்ன் லூசியானாவை 31-0 என்று வென்றார்கள். நவம்பர் 17இல் ரைஸ் அணியை 42-10 என்று வென்றார்கள். வைட்டின் அதே தள்ளல், அதே கணம், அதே கோணத்தில் ரைஸுக்கு முந்தைய வாரம் நிகழ்ந்திருந்தால், அவர் அரை ஆட்டம் ஓய்வெடுத்திருப்பார், அவ்வளவுதான். மாற்று ஆட்டக்காரருக்குப் பயிற்சி கிடைத்ததே என்று பயிற்சியாளர் உள்ளூரச் சந்தோஷப்பட்டிருப்பார். அலபாமாவுக்கு முன்னால் நிகழ்ந்ததால் அது ஒரு பருவத்தின் கழுத்தில் கை வைத்தது. எதிரணிகளின் பலம் ஒன்றல்ல என்பதற்காகவே 13 பேரை விடுதியில் உட்காரவைத்து வாரக்கணக்கில் எடைபோட வைக்கும் ஒரு விளையாட்டு, தண்டனை என்று வரும்போது மட்டும் ‘அடுத்த ஆட்டம்’ என்று எழுதிவிட்டு, எல்லா ஆட்டமும் ஒரே எடை என்று பாவனை செய்தது.

தண்டனையை ஆதரிப்பவர்களிடம் நல்ல பதில் ஒன்று இருக்கிறது. அடுத்த ஆட்டத்துக்கும் தொடராவிட்டால், கடைசி நிமிடத்தில் ஒருவரை இடித்துத் தள்ளுவதற்கு விலையே இருக்காது. உண்மைதான். தொழில்முறை என்.எஃப்.எல்.இல் இப்படிக் கட்டாய வெளியேற்றம் கிடையாது. சம்பளத்தில் கைவைத்து அபராதம் போடுகிறார்கள். 2018இல் கல்லூரி ஆட்டக்காரருக்குச் சம்பளம் என்பதே இல்லை. விளம்பர வருமானத்துக்கு 2021இல்தான் கதவு திறந்தது; கல்லூரிகளே நேரடியாகப் பணம் தருவது 2025இல் தொடங்கியது. அன்று அவர்களிடம் பறிப்பதற்கென்று இருந்த ஒரே சொத்து ஆடும் நேரம். அதிலும் தொழில்முறைப் பருவம் அப்போது 16 ஆட்டம், இவர்களுக்குப் பன்னிரண்டு. அரை ஆட்டம் என்பது ஆண்டு முழுவதற்கும் கிடைப்பதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.

எங்கள் ஊர் அந்த இரண்டு வாரங்களில் செய்த கூத்தையும் சொல்ல வேண்டும். எஸ்.ஈ.சி.யின் தலைமையகம் இருப்பது அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில். அந்த ஊரிலேயே டெவின் வைட்டை விடுதலை செய்யுங்கள் என்று விளம்பரப் பலகை எழும்பியது. பில் கிளிண்டனின் தேர்தல் வியூகம் வகுத்தவரும் எல்.எஸ்.யூ.வில் படித்தவருமான ஜேம்ஸ் கார்வில், எஸ்.ஈ.சி.யின் தலைமை அலபாமாவுக்குச் சாதகமாக நடந்துகொள்கிறது என்று உள்ளூர் நாளிதழில் எழுதினார். சதி இருந்ததாக நான் நம்பவில்லை. சதியே இல்லாமல் இந்த விளைவு வரக்கூடும் என்பதுதான் எனக்கு மோசமாகப் பட்டது; சதியென்றால் ஆளைப் பிடித்து நிறுத்தலாம், அட்டவணையை எங்கே போய்ப் பிடிப்பது? மேல்முறையீட்டுக்கு அன்று விதியில் இடமில்லை. 2022இல்தான், இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவர்களுக்காக மட்டும், தீர்ப்பைத் தேசிய நடுவர் ஒருங்கிணைப்பாளரின் பார்வைக்கு அனுப்பும் வழி திறந்தது.

நவம்பர் 3. டைகர் ஸ்டேடியத்தில் இரவு ஆட்டம். முதல் பாதியில் வைட் இல்லை. அலபாமா 16-0 என்று முன்னிலை. ஊர் எதிர்பார்த்த கணம் மூன்றாம் கால்பகுதியின் தொடக்கம். ஆரவாரம் திரையை முந்திக்கொண்டு வந்து கூடத்தை நிறைத்தது. பிறகு திரையில் வைட்டின் 40ஆம் எண் சட்டை மைதானத்துக்குள் ஓடியது. அதே கால்பகுதியில் அலபாமாவின் குவார்ட்டர்பேக் துவா தாகோவைலோவா, முழங்கால் வலியோடு இருந்தவர், பந்தை வீசாமல் தானே எடுத்துக்கொண்டு ஓடி, எல்லைக் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். வைட் களத்தில்தான் இருந்தார். முடிவு 29-0.

வைட் இல்லாத பாதியில் 16 புள்ளிகள். இருந்த பாதியில் 13. என் வழக்குக்கு இது உதவாது என்பது எனக்குத் தெரியும். ஒரு புள்ளிகூட எடுக்காத அணிக்காக, தடுப்பாட்டக்காரர் ஒருவரின் அரை ஆட்டத்தைத் தூக்கிப்பிடித்து வாதாடுவது அழகல்ல. வைட் முழுதும் ஆடியிருந்தாலும் எல்.எஸ்.யூ. தோற்றிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தோற்றது எப்படி எடைபோடப்பட்டது என்பது வேறு விஷயம். அடுத்த செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் எல்.எஸ்.யூ. ஏழாம் இடத்துக்கு இறங்கியது. முக்கிய ஆட்டக்காரர் ஆட முடியாமற்போனதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று தேர்வுக் குழுவின் நெறிமுறையிலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை 2023இல் நாடே அறிந்தது. 13 ஆட்டங்களிலும் வென்று தன் குழுவின் பட்டத்தையும் பிடித்த ஃபுளோரிடா ஸ்டேட்டை, குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து படுத்துவிட்டார் என்பதால் நான்கில் ஒன்றாக எடுக்காமல், ஒரு தோல்வி கண்ட அலபாமாவை எடுத்தார்கள். காயத்தால் ஒருவர் இல்லையென்றால் அந்த அணி வேறு அணி. விதியால் ஒருவர் இல்லையென்றால்?

2019 டிசம்பர் 28 அன்று ஃபியஸ்டா பவுல் என்ற பருவ முடிவுச் சிறப்பு ஆட்டத்தில் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன். அரையிறுதி; ஒஹாயோ ஸ்டேட் 16-0 என்று கிளெம்சனை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் கால்பகுதியில், மூன்றாவது முயற்சியில், கிளெம்சனின் குவார்ட்டர்பேக் டிரெவர் லாரன்ஸை ஒஹாயோ ஸ்டேட்டின் தடுப்பாட்டக்காரர் ஷான் வேட் வீழ்த்தினார். வீழ்த்தலோடு கிளெம்சனின் முறை முடிந்து பந்து கைமாறியிருக்க வேண்டும். டார்கெட்டிங் என்று தீர்ப்பாகி முறையும் தொடர்ந்தது, வேடும் வெளியேறினார். இடைவேளையில் 16-14. முடிவில் கிளெம்சன் 29-23. இங்கே அட்டவணைக்கு வேலையே இல்லை. முதல் பாதியில் நடந்ததால் அடுத்த ஆட்டத்துக்குத் தொடராமல், தண்டனை முழுவதும் அன்றைய எதிரணியின் கையில் போய்ச் சேர்ந்தது. பாதிக்கப்பட்ட அணிக்கே பலன் போவதால் இதுதான் எனக்கு நேர்மையாகப் படுகிறது. வைட்டின் வழக்கில் அடிபட்டது மிசிசிப்பி ஸ்டேட். அடுத்த பாதியின் பலனை வாங்கிக்கொண்டது அலபாமா. அடிபட்டவனுக்கு ஒன்றும் இல்லை, வழியில் போனவனுக்கு இழப்பீடு.

ஒரே தரத்தில் தீர்ப்பு வந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். 2022 டிசம்பர் 31 அன்று பீச் பவுலில் ஒஹாயோ ஸ்டேட்டின் மார்வின் ஹாரிசன் ஜூனியர் புள்ளி எடுக்கும் எல்லைப் பகுதியான எண்ட் சோனில் தாக்கப்பட்டு மூளையதிர்ச்சியோடு வெளியேறினார். டார்கெட்டிங் என்று களத்தில் சொன்னதை ரீப்ளே ரத்து செய்தது. ஜார்ஜியா 42-41 என்று வென்றது. 2025 ஜனவரி 1 அன்று அதே பவுலில், டெக்சஸும் அரிசோனா ஸ்டேட்டும் 24-24 என்று சமநிலையில் இருக்க, ஆட்டம் முடிய ஏறத்தாழ ஒரு நிமிடமே மிச்சமிருந்தபோது அரிசோனா ஸ்டேட்டின் மெல்குவான் ஸ்டோவல்மீது டெக்சஸின் மைக்கேல் டாஃபி மோதினார். பார்த்தவர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குற்றமில்லை என்று தீர்ப்பு. இரண்டு கூடுதல் சுற்றுகளுக்குப் பின் டெக்சஸ் 39-31. இந்த இரண்டையும் வைட்டின் தள்ளலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெளியேற்றத்துக்குரியது எது என்று புதிதாக வரும் ஒருவரைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.

2025 பருவம் வரை அந்த அரை ஆட்டத் தொடர்ச்சி விதியில் இருந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கணத்து வெளியேற்றம் இருக்கட்டும். 15 கெஜமும் இருக்கட்டும். முதல் முறை தவறியவருக்கு அடுத்த ஆட்டத்தில் கை வைக்க வேண்டாம். கடைசி நிமிட அடாவடியை என்ன செய்வது என்றால், அதற்கு ஆறு நாள் அவகாசம் இருக்கிறது. ஞாயிறன்று ஒரு குழு உட்கார்ந்து, இது தடுக்க முயன்றதில் நேர்ந்த பிசகா, ஆளைச் சாய்க்க வந்த இடியா என்று பிரித்துப் பார்க்கலாம். ஆட்டத்தின் நடுவே இரண்டு நிமிடத்தில் எடுத்த முடிவு, இரண்டு வாரம் கழித்து நடக்கும் ஆட்டத்தை ஏன் ஆள வேண்டும்?

பலவீனமான எதிரணி என்று நான் மேலே சுலபமாகச் சொல்லிவிட்டதற்கு ஒரு திருத்தமும் வேண்டும். எல்.எஸ்.யூ. ரைஸை வென்ற அதே நவம்பர் 17 அன்று, அலபாமா தன் மைதானத்துக்குப் பணம் கொடுத்து வரவழைத்தது சிட்டடல் என்ற கீழ்ப்பிரிவு அணியை. இடைவேளையில் புள்ளிகள் 10-10. இறுதியில் 50-17 என்று அலபாமா வென்றது. பட்டியலில் அந்த அரை மணி நேரத்துக்கு எந்தத் தடயமும் இல்லை.

பருவத்தின் கடைசி ஆட்டம் 2019 ஜனவரி 1 அன்று. இருபத்தைந்து ஆட்டங்களாகத் தோல்வியே காணாத யூ.சி.எஃப். அணியை எல்.எஸ்.யூ. 40-32 என்று வென்றது. யாரை வென்றோம் என்ற வழக்கமான கேள்வியோடு பெரியவர் தாளை எடுத்தார். யூ.சி.எஃப்.இன் குவார்ட்டர்பேக் மெக்கென்சி மில்டன் நவம்பரில் காலில் கோரமான காயம்பட்டு அந்த ஆட்டத்தில் ஆடவில்லை என்று நினைவூட்டினேன். அவர் சற்று யோசித்து, எதிரணியின் வரிக்குப் பக்கத்தில் 10 என்று மில்டனின் சட்டை எண்ணை எழுதி, அதன்மேல் ஒரு கோடு கிழித்தார். அப்படியென்றால் நவம்பர் 3க்கும் எழுத வேண்டுமே என்றேன். பென்சிலைத் தூர வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். நம் அணியின் கணக்கு பேனாவில்தான் என்று முணுமுணுத்துக்கொண்டே, 29-0க்குப் பக்கத்தில் 40 என்று எழுதி, அதன் கீழே ஒரு சிறு ½ போட்டார்.